பின்கதவின் தாள்

ஹோலியோக்கில், இரண்டாம் கால்வாய் ஓரம்,
பழைய உறை ஆலையின் மூன்றாம் மாடி.
அங்கேதான் எனக்கு வேலை.
அரைப்பானின் பற்களைத் தீட்டுவேன்,
தொட்டிக்கு வெந்நீர்க் குழாய் இழுப்பேன்.
யார் கலைஞர், யார் இல்லை என்று
என்னிடம் எவரும் கேட்பதில்லை.

வருடத்துக்கு ஒருவருக்கு நல்கை.
ஒன்பது மாதம், ஒரு சாவி, ஒரு தொட்டி,
வாடகைக்கு எட்டாத உதவித்தொகை.
கிடைக்காதவர்களுக்கு
இங்கே செய்த தாளிலேயே வருத்தம் தெரிவிப்பது வழக்கம்.
பருத்தித் தாள், நான்கு ஓரமும் பிசிர்விட்டது.
'இல்லை' என்பதை இத்தனை அழகாக
வேறெந்த ஊரும் சொல்லியிருக்காது.

இவெலிஸ் மத்தோஸிடம் அப்படி மூன்று இருந்தன.
மருத்துவமனைச் சலவையறையில் இரவு ஷிஃப்ட்,
பகலில் விண்ணப்பம்.
நான்காம் வருடம் 'ஆம்' வந்தது,
மின்னஞ்சலில், இரண்டே வரி.
"ஆமுக்குத் தாள் கிடையாதா?"
முதல் நாளே கேட்டாள்,
மழைக்கோட்டைக் கழற்றாமல்.

மூன்று கடிதங்களையும் கிழித்து
வாளியில் ஊறப்போட்டாள்.
கழித்துக்கட்டிய படுக்கை விரிப்புகளையும்
கத்தரித்துச் சேர்த்தாள்.
காலையில் அரைப்பான் ஓடியது.
மை முதலில் விட்டுக்கொடுத்தது,
பிறகு கையெழுத்து.
'அன்புள்ள' மட்டும் கொஞ்சநேரம்
உருளையைச் சுற்றிச் சுற்றி வந்தது.
நான் பார்த்தேன், சத்தியமாக.

இயக்குநர் ஆர்மண்ட் ப்ரூலே
தொட்டிக்குள் குனிந்து மோந்தார்.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை;
நிமிர்ந்தபோது மீசையில் வெள்ளை.
"இந்த வருடத்து நாற்பத்து மூன்று கடிதங்களுக்கும்
நீயே தாள் செய்து தருவாயா?"

அவள் பதில் சொல்லவில்லை.
சட்டத்தை இரண்டு தரம் கழுவினாள்.
மூன்றாம் நாள் செம்புக் கம்பி கேட்டாள்.
வளைத்துக் கொடுத்தவன் நான்தான்,
எழுத்தெழுத்தாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி.
வலையில் அதைத் தைத்தாள்.
நீர்மேல் எழுத்து நிற்காது என்பது
தொட்டிக்கு வெளியே இருப்பவர்கள் பேச்சு.
காய்ந்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால்:
வியாழன். ஆறு மணி. பின்கதவு. ஏப்ரன் உண்டு.

ப்ரூலே அதன்மேல் வருத்தத்தை அச்சடித்தார்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

முதல் வியாழன் யாரும் வரவில்லை.
பின்கதவுக்குத் தாள் போடாமல்
இருவரும் உட்கார்ந்திருந்தோம்.
இரண்டாம் வியாழன் பனி.
வாழையிலையில் கட்டி வேகவைத்த பாஸ்டெலிஸ் கொண்டுவந்தாள்;
தின்று முடித்ததும் இலையைச் சுருட்டி
"இதுவும் நார்தான்" என்று எடுத்துவைத்தாள்.
சாம்பல்காரத்தில் கொதிக்கப்போட்டாள் மறுநாள்.
மாடியெல்லாம் ஈரக்கோணி நாற்றம்.

மூன்றாம் வியாழன்
படியில் பூட்ஸ் சத்தம்.
பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருத்தி,
கையில் கடிதம், முகத்தில் சண்டை.
"ஸ்கிபின்ஸ்கி. என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டீர்கள்.
மறுப்பதென்றால்
சரியான ஆளை மறுக்க வேண்டாமா?"

நீர்க்குறியை அவள் பார்த்திருக்கவில்லை.
முன்கதவு பூட்டியிருந்ததால்
பின்கதவைத் தள்ளினாளாம்,
அது திறந்துகொண்டதாம்.

இவெலிஸ் எதுவும் சொல்லாமல்
கடிதத்தை வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்தாள்.
ஒருமுறை வாசித்தாள்,
மறுபடி வாசித்தாள்.
சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள்: ஆறே கால்.
"தாமதமாகிவிட்டதா?" என்றாள்,
சண்டைக்காரக் குரல் இன்னும் இறங்காமல்.

ஏப்ரனின் கயிறு
அவள் இடுப்பைச் சுற்றி எட்டவில்லை.
வேறு கயிறு தேடப் போனேன்.